சூடானதும் 2லிருந்து 3க்கு மாறும்போது தடுமாறும் ஆட்டோ கியர்: கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள், வழி சொல்லுங்கள்

சிவப்பு_செடான் | செவ்வாய், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். வண்டி 1.8 லிட்டர் செடான், ஆறு கியர் ஆட்டோ, 146,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசு தரும் உரிமம்) முடிய இன்னும் 2 வருஷம் 3 மாதம்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. காலையில் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு சிக்னலில் நின்று கிளம்பினால், 2லிருந்து 3க்கு மாறும் இடத்தில் இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு 3,200 சுற்று வரை ஏறுகிறது. வண்டி வேகமெடுப்பதில்லை. அப்புறம் ‘டம்’ என்று ஓர் அடி விழுந்து கியர் பிடிக்கிறது. பின்சீட்டில் இருந்த அம்மா, யாரோ பின்னால் இடித்துவிட்டார்கள் என்று பயந்து திரும்பிப் பார்த்தார்.

போன வாரம் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போச்சு. ஓவர்ஹால் 3,800 வெள்ளி, ஹாஃப் கட் போட்டா 2,600” என்றார்கள் (வெள்ளி என்றால் டாலர்; ஹாஃப் கட் என்றால் வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி). அடியில் ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், வண்டி இல்லாமல் முடியாது. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 11.15

ப்ரோ, முதலில் கியர் ஆயிலை மாற்றுங்கள். மெஷின் வைத்துப் பழைய ஆயிலை முழுதாக வெளியே தள்ளி ஃபிளஷ் பண்ணச் சொல்லுங்கள். என் பழைய வண்டியில் இதே தொல்லை இருந்தது, ஃபிளஷ் பண்ணியதும் வெண்ணெய் மாதிரி மாற ஆரம்பித்தது.

ஜூரோங்_ராத்திரி | புதன், அதிகாலை 3.20

நான் இரவு ஷிஃப்ட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறேன், இப்போதுதான் டீக்கு நிறுத்தினேன். ஃபிளஷுக்கு அவசரப்படாதீங்க அண்ணே. 140,000 தாண்டி ஒரு தடவைகூட ஆயில் மாற்றாத வண்டியில் மெஷின் ஃபிளஷ் பண்ணி, மறுநாளே ரிவர்ஸ் எடுக்காமல் நின்ற வண்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீங்க? அதைச் சொல்லுங்க முதலில்.

பழைய_ஸ்பானர் | புதன், காலை 7.05

தம்பி, முப்பது வருஷம் பட்டறையில் இருந்தவன். இப்போது ஓய்வு. நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

ஒன்று உறுமல். கியர் மாறும் நேரத்தில் ஒரு கிளட்ச் விட, இன்னொரு கிளட்ச் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டிய கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் போதவில்லை என்றால், இடையில் இஞ்சினுக்குச் சுமை இல்லாமல் போய்ச் சுற்று ஏறும். ஆக, உறுமல் என்பது அழுத்தக் குறைவு. அளவு குறைந்த எண்ணெய், நுரைத்த எண்ணெய், அடைத்த ஃபில்டர், தேய்ந்த கிளட்ச், உள்ளே கசியும் சீல், இதில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று அந்த ‘டம்’. அது அழுத்தம் அதிகமாக வந்து கிளட்சை அடித்துப் பிடிப்பது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது லீனியர் சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் அதற்கு மின்சாரம் அறுந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்படிதான் அமைத்திருப்பார்கள். கிளட்ச் வழுக்கிக் கருகுவதைவிட அடித்துப் பிடிப்பது மேல் என்று அப்படி வைத்தார்கள்.

ஒரே வண்டியில் அழுத்தம் குறைவாகவும் இருக்கிறது, அதிகமாகவும் இருக்கிறது என்றால், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்ற ஒரே பதிலை நான் நம்பமாட்டேன். தேய்ந்த கிளட்ச் சூட்டில் வழுக்கும், உண்மைதான். ஆனால் அதற்குக் கருகிய வாடை இருக்கும், எண்ணெய் கறுத்திருக்கும். அதைப் பார்க்காமல் 3,800 சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த மூன்றை எழுதுங்கள்: ஆயில் எப்போது, எப்படி மாற்றினார்கள்? ஏற்றத்தில், வளைவில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? காலையில் முதல் முறை ‘டி’ போடும்போது வண்டி பிடிக்க எவ்வளவு நேரம்?

பொங்கோல்_அம்மா | புதன், காலை 9.40

செந்நிறத் தம்பி, இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் ரிவர்ஸ் போட்டால் இடி விழும். கியர்பாக்ஸ்தான் என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். மூன்றாவது ஆள் பானெட்டைத் திறந்து வைத்து, என்னைப் பிரேக்கை அழுத்திக்கொண்டு ‘டி’யும் ‘ஆரு’ம் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். இஞ்சின் மூன்று விரல் உயரத்துக்கு எழும்பி உட்கார்ந்தது. மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றியதும் இடி போய்விட்டது. பைசா செலவில்லாத சோதனை, ஆனால் ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல் செய்யுங்கள்.

சிவப்பு_செடான் | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. ஸ்பானர் அண்ணே கேட்டவை:

ஆயில் மூன்று மாதத்துக்கு முன் மாற்றியது. நீங்கள் கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொல்லை ஆரம்பித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. மாற்றிய இடம் வேறு, இப்போது 3,800 சொன்ன இடம் வேறு. அன்று மதியம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றி, மேலே தூக்கி, பழையதை வடித்து, புதிது ஊற்றி, கீழிருக்கும் துளையில் வழிந்ததும் மூடிவிட்டார்கள்.

ஏற்றம்: எங்கள் பலமாடிக் கார்நிறுத்தத்தில் 5ஆம் தளம். சுழல் பாதையில் ஏறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போகிறது, உடனே திரும்பி வருகிறது. இதை நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

இன்று காலை போனில் நேரம் எடுத்தேன். ‘என்’னிலிருந்து ‘டி’ போட்டுப் பிடிக்க ஏறக்குறைய 2 நொடி. ‘ஆர்’ 2.4 நொடி.

மவுண்ட் சோதனையும் செய்தேன், இஞ்சின் ஆடவில்லை.

பழைய_ஸ்பானர் | புதன், இரவு 10.10

சாவியைக் கழற்றிவிட்டு அளவு பார்த்தார்களா! அதை முதலில் சரி பண்ணுங்கள் தம்பி, மற்றதெல்லாம் பிறகு.

ஏன் என்று சொல்கிறேன், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். இந்த வகைக் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் கோல் கிடையாது. அடித்தொட்டியில் ஒரு வழிதுளை இருக்கும், அந்த உயரம்தான் அளவு. ஆனால் அது *இஞ்சின் ஓடும்போது* உள்ள உயரம். இஞ்சின் ஓடினால் பம்ப் எண்ணெயை இழுத்து டார்க் கன்வெர்ட்டருக்கும் (இஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) கூலருக்கும் குழாய்களுக்கும் அனுப்பும், தொட்டியில் மட்டம் இறங்கும். இஞ்சினை நிறுத்தி வைத்து ஊற்றினால் தொட்டி சீக்கிரம் நிறைந்து வழியும். ஆள் “நிறைஞ்சிடுச்சு” என்று மூடிவிடுவார். ஸ்டார்ட் செய்ததும் மட்டம் கீழே போய்விடும்.

சூடும் முக்கியம். எண்ணெய் சூட்டில் விரியும். பல வண்டிகளில் 40 பாகையை ஒட்டிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் 50 முதல் 60 வரை. உங்கள் வண்டிக் கையேட்டில் எழுதியிருக்கும். ஓடிவந்த வண்டியை 80 பாகையில் பார்த்தாலும் குறைவாகத்தான் மூடுவார்கள்.

குறைந்த எண்ணெயோடு சுழல் பாதையில் ஏறினால் என்ன ஆகும்? எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், ஃபில்டர் வாய் காற்றை உறிஞ்சும். காற்று கலந்த எண்ணெயில் அழுத்தம் நிற்காது. அதுதான் உங்களுக்கு அந்த ஒரு கணம் இழுவை போவது. காலையில் ‘டி’ பிடிக்க 2 நொடியும் அதனால்தான் இருக்கும். நல்ல பெட்டியில் ‘டி’க்கு 1.2 நொடிக்குள், ‘ஆரு’க்கு 1.5 நொடிக்குள் பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு.

தொட்டி திறக்கும்போது கசியும் எண்ணெயில் இரண்டு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் படம் போடுங்கள்.

ஜூரோங்_ராத்திரி | வியாழன், அதிகாலை 2.55

அண்ணன் சொன்ன டிஷ்யூ சோதனைக்கு என் அனுபவம்: சிவப்பாகப் பரவினால் நல்லது. தே ஓ (பாலில்லாத டீ) நிறம் என்றால் வயசான எண்ணெய், மாற்றலாம். கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) நிறமாகி, கருகிய வாடையும் வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பாண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்) மாதிரி ரோஸ் நிறத்தில் பால் போல இருந்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீங்க. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலண்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் தாள் ஒட்டியிருக்கும் பசையையே அது பிரித்துவிடும். என் நண்பன் அப்படியே ஒரு வாரம் ஓட்டினான், பெட்டி முழுக்கப் போனது.

ஈசூன்வாசி | வியாழன், காலை 8.30

அப்போ ஃபிளஷ் வேண்டாமா? குறைந்த ஆயிலை அப்படியே டாப் அப் பண்ணினால் போதுமா? பழைய அழுக்கு உள்ளேயே இருக்குமே.

பழைய_ஸ்பானர் | வியாழன், காலை 9.15

கேள்வி சரியானதுதான். ஒரு முறை வடித்தால் தொட்டியில் இருப்பது மட்டும்தான் வரும், கன்வெர்ட்டரில் இருப்பது வராது. மொத்தம் 7.5 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். முதல் தடவை 40 விழுக்காடு புதிது. கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி செய்தால் 64. மூன்றாம் தடவை 78. நான் என் வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் செய்தேன், இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு. மெதுவாகத்தான் சுத்தமாகும், ஆனால் பெட்டிக்கு அதிர்ச்சி இல்லை.

மெஷின் ஃபிளஷ் தவறு என்று சொல்லமாட்டேன். சின்ன வயசு வண்டி, தவறாமல் ஆயில் மாற்றிய வண்டி, தாராளமாகச் செய்யலாம். ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து, அந்தத் தூளெல்லாம் எண்ணெயில் மிதக்கும் வண்டியில்தான் ஆபத்து. அங்கே ஃபிளஷ் கெடுத்தது என்பதைவிட, ஏற்கெனவே கெட்டிருந்தது வெளியே வந்தது என்பதே சரி.

இவருக்கு எண்ணெய் மூன்று மாதம்தான் ஆகிறது. முதலில் அளவு.

சிவப்பு_செடான் | சனி, மாலை 5.50

காக்கி புக்கிட்டில் நண்பர் காட்டிய ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அந்த ஃபோர்மேன் நீங்கள் சொன்னதையெல்லாம் அச்சு அசலாகச் சொன்னார். ஸ்கேனரை மாட்டி எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே, இஞ்சின் ஓட, ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி மீண்டும் ‘பி’க்குக் கொண்டுவந்து, 42 பாகையில் துளையைத் திறந்தார்.

ஒரு சொட்டுகூட வரவில்லை. நான் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் வைத்து ஊற்ற ஆரம்பித்தார், 800 மில்லி போன பிறகுதான் மெல்லிய இழையாக வழிந்தது. என் அம்மாவை ஏற்றிக்கொண்டு அவ்வளவு குறைவோடு ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

டிஷ்யூவில் சிவப்பு, ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பு. வாடை இல்லை. வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருந்தது, மின்னும் துகள் இல்லை. ஊற்றியதற்கும் பார்த்ததற்கும் 90 வெள்ளி.

சுழல் பாதையில் இப்போது இழுவை விடுவதில்லை. ‘டி’ 0.9 நொடி, ‘ஆர்’ 1.1. உறுமலும் இல்லை. ஆனால் எஸ்எல்இ விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி இறங்கி, உட்லண்ட்ஸ் அவென்யூ 12 சிக்னலில் நின்று எடுத்தபோது அந்த ‘டம்’ மட்டும் இன்னும் இருக்கிறது. பத்து முறையில் மூன்று முறை.

பழைய_ஸ்பானர் | சனி, மாலை 6.40

நல்ல செய்தி. பாதி நோய் போய்விட்டது. காந்தத்தில் வழவழப்பான பசை சாதாரணம்தான்.

மீதியிருப்பது மின்சாரம். ஸ்கேனரில் பிழைக் குறியீடு ஏதாவது இருந்ததா? கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் வாங்கும் 20 வெள்ளிக் கருவிகள் பல நேரம் இஞ்சின் பக்கம் மட்டும்தான் படிக்கும். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு முறை வந்து போன பிழை உள்ளே காத்திருப்பில் கிடக்கும்.

பேட்டரியையும் பாருங்கள். இந்த வெக்கையில் நம் ஊர் பேட்டரிகள் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடுகின்றன. மின்னழுத்தம் தளர்ந்தால் சோலினாய்டும் தடுமாறும்.

தெம்பனிஸ்_சிவிடி | ஞாயிறு, காலை 11.00

இடையில் ஒரு கேள்வி. என் வண்டி சிவிடி, 40 கி.மீ. வேகத்தில் அதிர்கிறது. இந்தச் சோதனைகள் எனக்கும் பொருந்துமா?

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, காலை 11.30

சிவிடியில் கியர் கிடையாது, பெல்ட்டும் புல்லியும். அளவு பார்ப்பது, குறியீடு படிப்பது பொருந்தும். ஆனால் எண்ணெய் வேறு, அதற்கென்று சொன்ன சிவிடி எண்ணெய் மட்டும்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். தனி இழை திறவுங்கள் தம்பி, அங்கே எழுதுகிறேன்.

சிவப்பு_செடான் | வெள்ளி, இரவு 8.15

ஆறு நாள் கழித்து வருகிறேன். விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்குப் பயன்படும்.

பேட்டரி நன்றாக இருந்தது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ‘பி0748’ காத்திருப்பில் கிடந்தது. அழுத்தக் கட்டுப்பாட்டுச் சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். உடனே சோலினாய்டை வாங்கப் போனேன், ஃபோர்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். “குறியீடு சுற்றைச் சொல்லுது, பொருளைச் சொல்லலை. அளந்துட்டு வாங்கலாம்” என்றார்.

குளிர்ந்த நிலையில் கனெக்டரில் மீட்டர் வைத்தார், 5.3 ஓம். கையேட்டில் 5.0 முதல் 5.6 வரை. சரியாகவே இருக்கிறதே என்றேன். “சூடாக்கிப் பார்க்கணும்” என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எண்ணெய் 88 பாகையில் இருக்கும்போதே மறுபடி வைத்தார். செம்புக் கம்பி சூட்டில் தடை கூடும், ஆறரை ஏழு ஓம் வரை வந்தால் நியாயம் என்றார்.

மீட்டர் 6.7 காட்டியது. ஒயரை லேசாக விரலால் அசைத்தார். 11. விட்டதும் 7. மறுபடி அசைத்ததும் 40க்குப் போய், அப்படியே திறந்த சுற்று என்று காட்டியது. அந்த எண் குதிப்பதைப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. இரண்டு மாதமாக நான் தேடியது அந்தச் சின்னத் திரையில் இருந்தது.

தொட்டியைக் கழற்றினார்கள். சோலினாய்டு நல்லது. கியர்பாக்ஸுக்குள் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கும் ஒயர் கொத்து இருக்கிறது, அதன் பிளாஸ்டிக் பல வருஷச் சூட்டில் இறுகி, கனெக்டர் அருகே விரிசல் விட்டிருந்தது. குளிரில் கம்பி ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பிரியும். பிரிந்த நொடியில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ‘டம்’.

உள் ஒயர் கொத்து 145 வெள்ளி, ஃபில்டரும் கேஸ்கெட்டும் 80, எண்ணெய் 4 லிட்டர் 88, கூலி 220. சேர்த்து 533. முதலில் கொடுத்த 90ஐயும் சேர்த்தால் 623 வெள்ளி.

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகிய கணக்கை அழித்துவிட்டு, அது மறுபடி கற்றுக்கொள்ளும்படி ஓட்டச் சொன்னார். ஞாயிறு காலை லிம் சூ காங் சாலையில் மிதமான மிதியில், நிறுத்தி நிறுத்தி, முப்பது நாற்பது முறை கியர் மாறும்படி ஓட்டப் போகிறேன்.

பொங்கோல்_அம்மா | வெள்ளி, இரவு 9.00

படிக்கும்போதே மனசு லேசாகிவிட்டது தம்பி. அம்மாவிடம் சொல்லுங்கள், இனிமேல் திரும்பிப் பார்க்க வேண்டாமென்று.

ஈசூன்வாசி | வெள்ளி, இரவு 9.25

ப்ரோ, அந்த 3,800 கொடுத்து ஓவர்ஹால் பண்ணியிருந்தால் இது சரியாகியிருக்குமா?

பழைய_ஸ்பானர் | வெள்ளி, இரவு 10.05

ஓவர்ஹாலில் கிளட்சும் சீலும் புதிதாகும். அந்த ஒயர் கொத்தைப் பெரும்பாலும் துடைத்துப் பழையதையே போடுவார்கள். ‘டம்’ அப்படியே இருந்திருக்கும். பிறகு “கம்ப்யூட்டர் போச்சு” என்று அடுத்த ரசீது வந்திருக்கும். அந்தப் பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை, சோதிக்காமல் பேசினார்கள்.

ஹாஃப் கட் பற்றியும் ஒரு வார்த்தை. அது எத்தனை கி.மீ. ஓடியது, எந்த எண்ணெயில் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே இதே வயசு ஒயர் கொத்துதான் இருக்கும். சிஓஇயில் இரண்டு வருஷம் மிச்சம் இருக்கிற வண்டிக்கு 2,600 போட்டு அப்படி ஒன்றை மாட்டுவது, பெட்டி உடைந்தால் ஒழிய எனக்குச் சம்மதமில்லை.

தம்பி, மூன்று வாரம் கழித்து நேரம் எடுத்துப் போடுங்கள். காலையிலும் சூட்டிலும் தனித்தனியாக.

சிவப்பு_செடான் | மூன்று வாரம் கழித்து, சனி, பிற்பகல் 2.10

ஸ்பானர் அண்ணே கேட்டபடி. இந்த இடைவெளியில் 1,150 கி.மீ. ஓடியிருக்கிறது.

காலை, குளிர்ந்த நிலை: ‘டி’ 0.8 நொடி, ‘ஆர்’ 1.0.
மதியம், எண்ணெய் 86 பாகை: ‘டி’ 0.8, ‘ஆர்’ 1.1.
2லிருந்து 3: சுற்று ஏறவில்லை, அடி இல்லை. குறியீடு எதுவும் இல்லை.

நேற்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பிகேஇ விரைவுச்சாலையில் நெரிசல், ஒரு மணி நேரம் நின்று நின்று வந்தோம். அம்மா வழி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தார்.